அழகான நோட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆறாம் வகுப்புக் கரும்பலகையின் வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் உண்டு. அங்கே சாக்பீஸ் பிடிக்காது. எப்போதோ எண்ணெய் பட்டிருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் ஒரு நாள், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லிவிட்டு, வினாவும் விடையும் பலகையில் எழுதிப் போட்டேன். ‘நெல்லிக்கனி’ என்ற சொல் சரியாக அந்த இடத்தில் போய் விழுந்தது. ‘லி’யின் உடம்பு பதியவில்லை. மேலே உள்ள வளைவு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மணி அடித்துவிட்டதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மாலையில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். மொத்தம் 23. பிள்ளைகள் எல்லாரும் ‘நெல்லிக்கனி’ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ‘நெள்ளிக்கனி’. ஒரே ஒரு நோட்டில் மட்டும் ‘நெல்’, அப்புறம் ஓர் எழுத்தளவு வெற்றிடம், அதற்கு மேலே தொங்கும் ஒரு சின்ன வளைவு, அப்புறம் ‘க்கனி’. பலகையில் எப்படி இருந்ததோ அப்படியே.

வகுப்பிலேயே அழகான நோட்டு அதுதான். ஜூலையில் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியின் கையில் நான் முதலில் எடுத்துக் கொடுத்த நோட்டும் அதுதான். அவரும் ஒரு பக்கத்தில் ‘நன்று’ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் என் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று பதினோரு இடத்தில் இருந்தது.

அப்போது எனக்கு ஆசிரியர் வேலையில் முப்பது வருடம் முடிந்திருந்தது.

பி.எட். படிக்கும்போது, ஒரு பிள்ளையை நெருங்கிக் கவனித்து எழுதும் நிகழ்வு ஆய்வு ஒன்று தர வேண்டும் என்பார்கள். நானும் தந்தேன். உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி கற்பனை. தலைப்புகள் வரிசையாக இருந்தன, பிள்ளை மட்டும் இல்லை. இது அந்தக் கடனுக்காக எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம். பையனின் பெயரை எழுதப் போவதில்லை. வகுப்பில் கூப்பிட்டதைப் போல இங்கேயும் தம்பி என்றே எழுதுகிறேன்.

யார், எங்கே

திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை உண்டு. நான் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியை. ஆறு, ஏழு, எட்டு என் பொறுப்பு. எங்கள் பக்கத்து ஊர்களில் நிலம் இல்லாத குடும்பங்கள் பல, பொங்கல் முடிந்த கையோடு திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். தை பிறந்ததும் லாரி வரும். பாய், பாத்திரம், கோழி, குழந்தை எல்லாம் அதில் ஏறும். மழைக்காலம் நெருங்கும்போது திரும்பி வருவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அறுத்தால்தான் அட்வான்ஸ் கழியும். பிள்ளைகள் காய்கிற கல்லைப் புரட்டிப் போடுவார்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

தம்பியின் வீடு அப்படி ஒரு வீடு. அப்பா, அம்மா, தம்பி, நான்கு வயதுத் தங்கை. ஊரில் ஆயா, அதாவது பாட்டி, தனியாக இருக்கிறார்.

நோட்டைப் பார்த்த மறுநாள், சத்துணவு முடிந்ததும் புங்க மரத்தடிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன்.

“ஏன்டா இங்க இடம் விட்டிருக்க?”

“பலகையில அப்டித்தான டீச்சர் இருந்துச்சி?”

புத்தகத்தைக் கொடுத்து முதல் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்தபடி கடகடவென்று சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, தப்பாக நினைத்துவிட்டோமோ என்று. பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்து, இங்கிருந்து படி என்றேன். விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “தண்ணி குடிச்சிட்டு வரட்டா டீச்சர்?” என்று எழுந்து போனவன் மணி அடிக்கும் வரை வரவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் பாடம் நடத்தியபடியே தம்பியை மட்டும் கவனித்தேன். முன் வரிசையில் உட்காருவான், பலகை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. யாராவது எழுந்து படிக்க வேண்டும் என்ற கட்டம் வரும்போது டஸ்டரை உதறப் போயிருப்பான், அல்லது தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். எல்லா ஆசிரியர்களுக்கும் அதனால் செல்லம். திருக்குறளைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவான். சொல்வதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனின் கையசைவைப் பார்த்து அரை நொடி தள்ளி எழுதுவான். வாசிக்கத் தெரியாததை மறைக்க இந்தப் பிள்ளை செலவழித்த உழைப்பில் பாதி இருந்தால் வாசிக்கவே கற்றிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இருந்திருந்தால்தானே?

மதிப்பெண்ணும் காட்டிக் கொடுக்கவில்லை. வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் எங்கள் முப்பருவ முறையில், வகுப்பில் செய்வதைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வான தொகுத்தறிக்கு 60. வளரறியில் செயல்பாடு, ஒப்படைப்பு, நோட்டு, படத்தொகுப்பு என்று எல்லாமே தம்பிக்குச் சாதகம். மீதியைத் தேர்வறையில் முன்னால் இருப்பவன் பார்த்துக்கொள்வான். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எப்படியோ வந்து நிற்பான். ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில்கூடத் தம்பி பெயர் இல்லை. அதில் இருந்த மூன்று பேரும் கிறுக்கலாக எழுதுபவர்கள். ஆனால் மூன்று பேரும் தட்டுத்தடுமாறி வாசிப்பார்கள். பட்டியலைத் தயாரித்தவள் நான். கையெழுத்தைப் பார்த்துத் தயாரித்திருக்கிறேன், வேறென்ன.

“அது சும்மா டீச்சர்”

முதலில் கண், காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினேன், இரண்டும் சரி. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தார். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது, அப்படி ஏதாவது இருந்தால் உரிய வழியில் போகலாம் என்று நினைத்தேன். அவர் சொன்னது: “இப்பவே முத்திரை குத்த வேண்டாம் டீச்சர். இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, சொல்லிக்கொடுக்காதது எவ்வளவுன்னு முதல்ல கண்டுபிடிங்க.”

நல்ல யோசனை. எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். உயிர் பன்னிரண்டை வரிசையாகப் பாட்டாகச் சொன்னவனுக்கு, கலைத்தால் ஒன்பதுதான் தெரிந்தது. மெய்யில் பதினொன்று. ‘க, ச, ட, த’ வரிசை பெரும்பாலும் சரி. துணைக்கால் தெரிகிறது. இகர வளைவு ஓரளவு. அப்புறம் சொற்களைக் காட்டினேன், தம்பி சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்:

‘பெட்டி’யைப் ‘பட்டி’ என்றான். ‘மேளம்’, ‘மளம்’ ஆனது. ‘கொடி’ காடி. ‘கோழி’ காழி. ‘தோசை’ தாச.

அன்று இரவு இந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. இது உளறல் இல்லை. ஒவ்வொரு தப்பும் ஒரே விதிப்படி நடக்கிறது. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைத் தம்பி படிப்பதே இல்லை. அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை ஒழுங்காகப் படிக்கிறான். ‘கொ’வில் கொம்பைத் தள்ளினால் மிச்சம் ‘கா’தானே? அவன் கணக்கில் அது சரி.

மறுநாள் கொம்பை மட்டும் தனியாக எழுதிக் கேட்டேன், இது என்ன என்று.

“அது சும்மா டீச்சர். எழுத்துக்கு முன்னாடி வரும்.”

நமக்கெல்லாம் வாசிப்பு எப்போதோ கைவந்துவிட்டதால் தமிழ் எழுத்தில் உள்ள இந்தக் கோளாறு கண்ணில் படுவதில்லை. 216 உயிர்மெய்யையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. 18 மெய், 12 உயிர், சில குறிகள் தெரிந்தால் போதும் என்கிறோம். உண்மைதான், பாதி. உகர ஊகாரத்தில் கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளையும். எகரம், ஏகாரம், ஐகாரத்தில் குறி முன்னால் வந்து நிற்கிறது. ஒலியோ பின்னால்தான் வருகிறது. ஒகர ஓகாரத்தில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. வாய்க்கு ஒரு வரிசை, கண்ணுக்கு வேறு வரிசை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பழைய தும்பிக்கை ‘லை’யும் சுழித்த ‘ணா’வும் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. பாதி வருடத்தில் புத்தகம் ஒரு மாதிரியும் பலகை ஒரு மாதிரியும் இருந்த குழப்பம் நினைவிருக்கிறது. ஆனால் கொம்பு அன்றைக்கும் முன்னால்தான் நின்றது, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பிக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? ஒன்றாம் வகுப்பை வெகுகாலம் கையாண்ட எங்கள் சக ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன், கெ வரிசை எப்போது நடத்துவீர்கள் என்று. “க, கா, கி, கீன்னு வரிசையாதான் போவோம். கெ, கேக்கு வர்றதுக்குள்ள பொங்கல் வந்துடும். லீவு முடிஞ்சு வந்து நடத்துவோம்” என்றார்.

பொங்கல் லீவு முடிந்து அவர் கொம்பு நடத்தியபோது தம்பி சூளையில் இருந்தான். இரண்டாம் வகுப்பிலும் அப்படியே. மூன்றாம் வகுப்பிலும் அப்படியே. ஒவ்வொரு வருடமும் கல்வி அவனுக்கு ‘கூ’வில் நின்றுவிட்டது. முப்பருவ முறை வந்து ஐந்து வருடம் கழித்துப் பள்ளிக்கு வந்த பிள்ளை, மூன்றாம் பருவப் புத்தகம் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கொரோனா மேல் போட்டுவிடுவது எங்களுக்கு அப்போது வசதியாக இருந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. நான்காம் வகுப்பைத் தம்பி பார்க்கவே இல்லை, ஐந்தாம் வகுப்பு இரண்டரை மாதம்தான். அந்த ஓட்டையும் பெரிய ஓட்டைதான், இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் கணக்கெடுப்பை 2022இல் எடுத்தபோது, நாடு முழுக்கக் கிராமப்புறத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதம் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். 2018இல் அது 50.5. ஆனால் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், தம்பியின் கதை கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்பே தொடங்கிவிட்டது. தொடக்க வகுப்புக்கு வருடத்தில் 200 நாளாவது பள்ளி நடக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தம்பி உட்கார்ந்தது, மிக நன்றாக வந்த வருடத்திலேயே 120க்குப் பக்கம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது அதைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. பாயில் உட்கார்ந்து அட்டையை வைத்துக்கொண்டு என்ன படிப்பு என்று பேசியிருக்கிறேன். ஆனால் அட்டைகளை ஏணிப்படி போல வரிசைப்படுத்திய அந்த முறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. நான்கு மாதம் கழித்து வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். வகுப்பு எங்கே போனது என்பது பொருட்டில்லை. தம்பி போன்றவர்களுக்கென்றே செய்த மாதிரி. அவன் ஒன்றாம் வகுப்புக்கு வந்த 2017இல் எங்கள் பள்ளியில் அந்த அட்டைகள் பீரோவுக்குள் போயிருந்தன.

மூன்று வாரம் வீண்

நோய் தெரிந்ததும் மருந்து கொடுத்தேன், தப்பான மருந்து. இரட்டை வரி நோட்டு வாங்கிக் கொடுத்து, கெ, கே, கொ, கோ வரிசைகளைத் தினமும் பத்துப் பத்து முறை எழுதி வரச் சொன்னேன். மூன்று வாரம் எழுதினான். அச்சடித்த மாதிரி இருந்தது. கொம்பின் சுழி ஒவ்வொன்றும் ஒரே அளவு. வாசிக்கச் சொன்னால் கொடி இன்னும் காடிதான்.

வரைவதில் தேர்ந்தவனுக்கு இன்னும் வரையக் கொடுத்திருக்கிறேன். இதைவிட முட்டாள்தனம் இருக்க முடியுமா?

இடையில் அம்மா பள்ளிக்கு வந்தார். சூளைக்குப் போகாத மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தம்பிக்கு வாசிக்க வரவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “நோட்டப் பாருங்க டீச்சரம்மா, எவ்ளோ நல்லா எழுதறான்” என்றார். அந்த நோட்டில் பதினோரு ‘மிக நன்று’ இருப்பது அவருக்குத் தெரியாது, படிக்கத் தெரியாதவர். சிவப்பு மை தெரியும். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: “வருசா வருசம் பாஸ் போட்டுதான அனுப்பறீங்க?”

என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற விதியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தால், பாதிப் பேர் அந்த விதியைத்தான் திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தம்பியை ஒன்றாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு முறை ஜூன் முதல் பொங்கல் வரை க, கா, கி, கீ படித்துவிட்டு லாரி ஏறியிருப்பான்.

சேறும் சோறும்

1990களில் அறிவொளி இயக்கத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். அங்கே பயிற்சியில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரே பற்றிச் சொன்னார்கள். 1963இல் ஆங்கிக்கோஸ் என்ற ஊரில் கூலியாட்கள் முந்நூறு பேருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்தவர். அகர வரிசையிலிருந்து தொடங்காமல், அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவாராம். அவர் எடுத்துக்கொண்ட சொற்களில் பேர் போனது ‘டிஜோலோ’. போர்ச்சுகீசிய மொழியில் செங்கல் என்று அர்த்தம். அந்தச் சொல்லை உடைத்து டா, டே, டி, டோ, டு என்று ஒலிக் குடும்பங்களாகப் பிரிப்பார்கள். நம் கா, கீ, கூ போலத்தான்.

முப்பது வருடம் முன்பு கேட்டது. தம்பியின் இரட்டை வரி நோட்டை மூடி வைத்த அன்று செங்கல் என்ற அந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் தெரியாது.

நோட்டு, பென்சில் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூளையைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். தயங்கினான். வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை. சூளை என்பது பள்ளிக்கு வராததற்குச் சொல்லும் காரணம், அவ்வளவுதான். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மண்ணை முதல் நாளே ஊறப்போடுவது, மிதிப்பது, அச்சில் அடிப்பது, மணல் தூவுவது, பச்சைக் கல்லை வெயிலில் திருப்புவது, திடீரென்று மழை வந்தால் தார்ப்பாய் தூக்கிக்கொண்டு ஓடுவது. தம்பி சொன்ன சொற்களை அட்டையில் எழுதினேன்: கல், மண், அச்சு, மணல், மழை, லாரி, செங்கல், மேஸ்திரி, சேறு, சூளை, கொட்டாய்.

கல், மண், அச்சு, மணல் எல்லாம் சுலபமாகப் படித்துவிட்டான். ‘சேறு’ வந்ததும் “சறு” என்றான். சொல்லிவிட்டு அவனே முகத்தைச் சுளித்தான். சூளையில் சறு என்று எதுவும் இல்லை. என்ன இருக்கும் என்று கேட்டேன். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். “சே...றா டீச்சர்?” அப்போதுதான் முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பின் மேல் விரலை வைத்து, “இது இருக்கறதாலதான் சே” என்றேன். சும்மா நின்றிருந்த ஒன்றுக்கு வேலை வந்தது.

அட்டைகள் மரத்தடிக் காற்றில் பறந்தபடி இருந்தன. இரண்டு நாள் துரத்திப் பிடித்த தம்பி, மூன்றாம் நாள் ஏரி மண்ணைப் பிசைந்து கொம்பு, கால், எழுத்துகள் எல்லாம் செய்து காயவைத்துக் கொண்டுவந்தான். கட்டை விரல் கனம். விரிசல் விடாமல் இருக்க மணல் கலந்திருந்தான். எனக்கு அது தெரிந்திருக்காது. அதற்கப்புறம் எங்கள் பாடமெல்லாம் அந்தக் களிமண் எழுத்தில்தான். கொம்பை நகர்த்தி வை, படி. எடுத்துவிடு, படி.

அக்டோபரில் ஒரு நாள் ‘சேறு’ வைத்திருந்தோம். துணைக்காலை எடுத்து ‘ச’வுக்கும் ‘று’வுக்கும் நடுவில் வைத்துவிட்டு, படிடா என்றேன். கொம்பைப் பார்த்தான், காலைப் பார்த்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சிரித்தான்.

“சோறு! டீச்சர், சேத்துக்குக் கால் போட்டா சோறு ஆயிடுது!”

காலை எடுத்தான், சேறு. வைத்தான், சோறு. மணி அடிக்கும் வரை இதையே செய்துகொண்டிருந்தான். மறுநாள் அவனே கண்டுபிடித்துக்கொண்டு வந்தது: செல், சொல். அதற்கு மறுநாள்: கெடு, கொடு. பெட்டிக்குக் கால் போட்டால் பொட்டி என்று எழுந்து நின்று வகுப்புக்கே அறிவித்தான். எங்கள் ஊரில் பெட்டியைப் பொட்டி என்றுதான் சொல்வார்கள் என்பதால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வேகம் கூட இன்னும் இரண்டு மாதம் ஆனது. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஆறாம் வகுப்புப் பையன் கையில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றவர்கள் விடுவார்களா? அதனால் ஒரு வேலை கொடுத்தேன்: வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். சின்னப் புத்தகத்தைப் பயிற்சி எடுக்க ஒரு கௌரவமான சாக்கு. அவன் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திய தன்னார்வலர் அக்காவிடமும் சொல்லி வைத்தேன். மாலையில் அந்த வாரக் கதையை அவர் ஒரு முறை கேட்டுவிடுவார். டிசம்பரில், புதுக் கதை ஒன்றை நிறுத்தி நிறுத்தி, ஐகாரத்தில் மட்டும் தடுக்கி, முடித்துவிட்டான். ண, ன, ந மூன்றிலும் குழப்பம் இருந்தது. அது எங்கள் தலைமையாசிரியருக்கும் உண்டு.

செலவான நேரம்: சத்துணவுக்குப் பிறகு இருபது நிமிடம், வாரத்தில் நான்கு நாள் என்று திட்டம், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவு, பயிற்சிக் கூட்டம், விடுப்பு எல்லாம் போக மூன்று நாள் கிடைத்தால் பெரிது. இதைப் பெரிய முறை என்று யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு பிள்ளைக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதே வகுப்பில் பட்டியலில் இருந்த மூன்று பேருக்கு அந்த நான்கு மாதமும் நான் தனியாக எதுவும் செய்யவில்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் என்று அந்த வருடம் ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அப்போது முதல் மூன்று வகுப்புக்குத்தான். ஆறாம் வகுப்பில், அந்தத் திட்டம் ‘அரும்பு’ என்று சொல்லும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. ஆறு முதல் ஒன்பது வரைக்கான ‘திறன்’ வகுப்புகள் 2025இல்தான் வந்தன.

இன்னொன்றும் செய்தேன். அந்த அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் ஏழு, எட்டு வகுப்புகளில் அழகான நோட்டுகளாகப் பார்த்து ஒன்பது பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

தைக்குப் பிறகு

தம்பியை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லி வீட்டுக்கே போய்க் கேட்டேன். அப்பா சரி என்றார். ஆயாவுக்கு முட்டிவலி, அம்மாவுக்கு மனசு வரவில்லை, தங்கையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டும். பொங்கல் முடிந்த நான்காம் நாள் லாரி வந்தது. பள்ளி திறந்ததும் கொடுக்க வேண்டிய மூன்றாம் பருவப் புத்தகத்தைத் தலைமையாசிரியர் முன்னதாகவே எடுத்துக் கொடுத்திருந்தார். அது தம்பியின் பையில் இருந்தது. வட்டார வள மையம் மூலமாகப் பேசி, சூளைக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் உட்கார ஏற்பாடு செய்தோம். பெயர் எமிஸில் எங்கள் பள்ளியில் இருந்ததால் அங்கே வருகைப்பதிவு கிடையாது. இருந்தும் அந்தத் தலைமையாசிரியர் சத்துணவும் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டார். பிப்ரவரி முழுக்கப் போனானாம். மார்ச்சில் வேலை கூடியதும் நின்றுவிட்டான்.

2023 ஜூனில் திரும்பி வந்தபோது வாசிப்பு கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. மெய்யெழுத்துகளில் தடுமாற்றம். கொம்பு போகவில்லை. கோழி கோழியாகவே இருந்தது.

ஏழாம் வகுப்புக்குப் புதிதாக மாறுதலில் வந்திருந்த அறிவியல் ஆசிரியர், ஜூலையில் ஒரு நாள் என்னிடம் வந்து நின்றார். போன வருடத்து நோட்டு ஒன்றும் இந்த வருடத்து நோட்டு ஒன்றும் அவர் கையில் இருந்தன.

“டீச்சர், இந்தப் பையனுக்கு என்ன ஆச்சு? போன வருசம் எழுத்து முத்து முத்தா இருந்திருக்கு. இப்பப் பாருங்க, கோழி கிண்டுன மாதிரி. பலகையில போட்டதையும் எழுதல, ஏதோ அவனா எழுதி வெச்சிருக்கான். கொஞ்சம் கண்டிச்சு வைங்க.”

வாங்கிப் பார்த்தேன். மண்ணின் வகைகள் பற்றிய பாடம். வரி கோணலாக ஏறி இறங்கியிருந்தது. மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தான். ‘எங்க சூலைக்கி ஏரி மண்ணு தான் எடுப்பாங்க. மணல் கொரஞ்சா கல்லு வெடிக்கும். மணல் சாஸ்தி ஆனா ஒதிரும்.’

சிவப்புப் பேனாவை எடுத்து ‘சூலை’யை மட்டும் ‘சூளை’ என்று திருத்திவிட்டு நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.